முருங்கைக் கரியும் மச்சான் காப்பியும்

மார்ச் 2, ஞாயிறு

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கப் பாப்பா கிறுக்கிவிட்டாள். பிப்ரவரி செய்முறைத் தேர்வு வேலையில் போய்விட்டது. மார்ச் முதல் என் பங்கு.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்கிறார்கள். லோகநாதன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அரவக்குறிச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் முருங்கை. மனைவி மைலாவதி. மகள் கவிநயா, மூன்று வயது, வீட்டில் பாப்பா. ரத்த வகை தெரியும், ஆனால் உரக்கடைக்காரருக்கு எதற்கு?

இன்று மோட்டார் போட்டேன். தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தது. போன மாதம் இவ்வளவு இல்லை. நல்லவேளை, குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. கிணறு மரங்களுக்கு மட்டும்தான். ஆனால் மரங்களும் வாயில்லா ஜீவன்கள்தானே. இலை நுனியெல்லாம் கருகுகிறது.

காரணம் தெரியாமல் இல்லை. மேற்கே ஓடையைத் தாண்டி மேட்டில் இருப்பது மச்சானின் சாயப்பட்டறை. மச்சான் என்றால் மைலாவதியின் கூடப்பிறந்த அண்ணன், சாமியப்பன். நூலுக்குச் சாயம் போட்டுக் கரூருக்கு அனுப்புகிறார். அலசின தண்ணீரைப் பட்டறைக்குப் பின்னால் குழியில் விடுகிறார். குழித் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக் கிணற்றுக்குத்தான்.

தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிரே எனக்கு இலை போட்டார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்து, “குடிங்க மச்சான்” என்றேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து போக்குவரத்து இல்லை.

நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மார்ச் 5, புதன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே மைலாவதி கேட்டாள்: “வைகாசில பாப்பாவுக்குக் காது குத்திறலாமுங்களா? மூணு நடக்குது. இதை விட்டா அஞ்சுலதான் குத்தோணும்.”

“குத்தலாம். கோயில்ல சொல்லி வெச்சிடறேன்.”

“மடிதான்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அது எனக்கும் தெரியும். அதற்காக? “உங்க பெரியப்பா பையன் ஈரோட்டுல இருக்காரே, அவரும் மாமன் முறைதானே” என்றேன்.

“சரிங்க” என்றாள்.

தோசை கருகியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தோசையைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை. கல் சரியில்லை போலிருக்கிறது. புதுக் கல் வாங்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முருங்கைக்காய் விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது. எல்லாத் தோட்டத்திலும் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். காய் முற்றி, காய்ந்து, காற்றடித்தால் கடகடவென்று சத்தம் போடுகிறது.

தண்ணீரிலிருந்து சாயத்தைக் கரி உறிஞ்சும் என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு வருஷாவருஷம் பாடம் நடத்துகிறேன். பரப்புக் கவர்ச்சி, ஐந்து மதிப்பெண். கழிவிலிருந்தே அந்தக் கரியைச் செய்யலாம் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

எந்தக் கழிவு? பக்கத்துத் தோட்டத்து ராமாத்தாளக்காவிடம் போய், “வீட்ல வேஸ்ட்டாப் போற கடலைத் தோலு, சோளக்கட்டை ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டேன். அக்காவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

“எங்கூட்ல வேஸ்ட்டுன்னு ஒண்ணுமில்லீங்க வாத்தியாரே. கடலைத் தோலு கோழிக்கு விரிக்கறோம். சோளக்கட்டை அடுப்புக்கு. தேங்கா மட்டைய வந்து வாங்கிட்டுப் போறாங்க. நான் என்ன, பொருளை வீணாக்கறவளா?”

நான்கு தோட்டம் சுற்றினேன், நாலிலும் இதே பாட்டு. நிஜமாகவே யாருக்கும் வேண்டாத கழிவு இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. என் மரத்தில் தொங்குகிற முற்றின காயின் தோல். விதையை வியாபாரி வாங்கிக்கொள்வார். தோலை ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

மார்ச் 15, சனி

எண்ணெய் டின்னில் தோலை அடைத்து, மூடி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, செங்கல் அடுப்பில் ஏற்றினேன். காற்றுப் புகாமல் வெந்தால் கரி, காற்றுப் புகுந்தால் சாம்பல். முதல் டின் சாம்பல். இரண்டாவது டின் கரி. புகையில் மைலாவதி காயப்போட்டிருந்த துணியெல்லாம் கருவாட்டுக் கடை வாசம் அடித்தது.

கரியை உரலில் போட்டு இடித்தேன். அவள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அது மொளகாய் இடிக்கற ஒரலுங்க.”

“கழுவித் தந்துடறேன்.”

“யாரு, நீங்க? குடிச்ச டம்ளரைக் கழுவினதா சரித்திரம் இருக்கா?”

ஆனாலும் சல்லடையை அவளே எடுத்து வந்து, கரியைச் சலித்தும் கொடுத்தாள். பாப்பா இரண்டு கன்னத்திலும் கரி பூசிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள்.

மார்ச் 16, ஞாயிறு

வெற்றி! பள்ளியில் தாவரவியல் சார் கொடுத்த மெத்திலீன் நீலம் இரண்டு சொட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில். இங்க் மாதிரி இருந்தது. ஒரு கரண்டி கரியைப் போட்டுக் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டினேன். பளிங்கு. மைலாவதி டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

“நம்ம கெணத்துச் சாயமும் இப்பிடிப் போயிருமுங்களா?”

“பின்னே?” என்றேன்.

“போயிருச்சுன்னா…” என்றாள். அப்புறம் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

போகவில்லை.

மார்ச் 22, சனி

தேர்வுக் கண்காணிப்பில் மூன்று மணி நேரம் சும்மா நடக்கும்போது யோசித்தேன். மெத்திலீன் நீலத்துக்கு நேர் மின்சுமை. என் கரிக்கு எதிர். அதனால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. மச்சானின் நூல் சாயம் எதிர் மின்சுமைக்காரன். கரியும் எதிர். இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது, எங்கள் இரண்டு வீட்டையும் போல. பாடம் நடத்துகிறவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

கரியை அமிலத்தில் ஊற வைத்துத் தண்ணீரையும் கொஞ்சம் புளிப்பாக்கினால் கரியின் சுமை மாறும். அப்போது ஒட்டும். பள்ளி ஆய்வகத்து அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் நானில்லை. பேட்டரிக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மைலாவதி பாப்பாவுக்கு அரக்குப் பட்டில் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறாள். பீரோவுக்கு மேலே ஒரு புது வேட்டி துண்டும் இருக்கிறது, மயில்கண் கரை. எனக்கு அந்தக் கரை பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கரூரில் விடைத்தாள் திருத்தும் வேலை. அமிலமும் சாயமும் கிடப்பில் கிடக்கின்றன.

பஸ் ஸ்டாண்டில் மச்சானைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். விரல் நகமெல்லாம் நீலம், என்றைக்கும் போல. கையில் வெள்ளிக் கடைப் பை, சின்னது. அவருக்கு இரண்டும் பையன்கள், கல்லூரியில் படிக்கிறார்கள். யாருக்கு வாங்கினாரோ. தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். என் பஸ் வந்துவிட்டது.

வீட்டில் வந்து, “உங்கண்ணனப் பார்த்தேன்” என்று சொன்னேன்.

“சாப்புட்டு இருந்துச்சுங்களா, மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?”

“மூஞ்சி மூஞ்சி மாதிரிதான் இருந்தது.”

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள்.

ஏப்ரல் 19, சனி

வேலை செய்கிறது! ஒரு டம்ளர் ரோஸ் மில்க், ஒரு பிடி அமிலக் கரி. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெளிறிவிட்டது. இன்னொரு பிடி போட்டேன். போயே போய்விட்டது. நான் கத்தின கத்தில் ராமாத்தாளக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்து, “பாம்புங்களா?” என்று கேட்டார்கள்.

ஏப்ரல் 26, சனி

பெரிய அளவில் செய்து பார்த்தேன். பிளாஸ்டிக் டிரம், அடியில் ஜல்லி, மேலே மணல், அதன் மேல் கரி, அதற்கும் மேலே துணி. கிணற்றுத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் கீழே சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்று வருகிறது. ஒரு எவர்சில்வர் குடம் பிடித்துவிட்டேன். தலைகால் புரியவில்லை. மைலாவதி பார்க்கட்டும் என்று சமையலறையில் குடிதண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்திலேயே, பெருமையாக வைத்தேன். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஒரு போன் பேச வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், அங்கே போய்ப் பேசினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு மேல் மச்சான் வந்தார். வண்டியை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றார். மைலாவதி கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவும் மறந்து, “வாங்கண்ணா” என்றாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

“மாப்ளை போன் பண்ணினாப்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னாப்ல” என்றார் அவர்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பாப்பா அவர் மடிப்பக்கம் போய் நின்று நகத்தைத் தொட்டு, “நீலம்” என்றாள். “ஆமா சாமி, நேத்து நீலம். நாளைக்கு வந்தீன்னா பச்சை” என்றார். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். வெள்ளிக் கொலுசு. வெள்ளிக் கடைப் பை யாருக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உள்ளே பாத்திரங்கள் சத்தம் போட்டன. அப்படி ஒரு சந்தோஷமான பாத்திரச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! நான் மெல்ல, “மச்சான், வைகாசில பாப்பாவுக்கு…” என்று ஆரம்பித்தேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. “ஏனுங்க, பாலு திரிஞ்சு போச்சு. இருங்க, வேற பால் வெக்கறேன்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: “இதும் திரிஞ்சிருச்சுங்க. காலைல கறந்த பாலுதானுங்க.”

எழுந்து போனேன். “பால்ல எந்தத் தண்ணிய ஊத்தின?”

“நீங்க வெச்சிருந்தீங்களே, அந்தக் கொடத்துலதான். பளிச்சுன்னு இருந்துச்சு, அண்ணனுக்குன்னு அதுல…”

வகுப்பில் கத்துகிற குரலில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “அய்யய்யோ, அது உங்கண்ணன் பட்டறைச் சாயத் தண்ணி!”

அது கூடத்துக்குக் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் மச்சான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பாப்பாவை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

“பாட்டில்ல குடுத்தீங்க. நான் குடிக்கல. இப்ப வூட்டுக்கு வரச்சொல்லிக் காப்பித் தண்ணில கலந்து குடுக்கறீங்களா மாப்ளே?”

“மச்சான், அப்படியில்ல. சாயத்தை எடுத்தாச்சு, நான் வந்து அந்தக் கரியை…” எனக்கே நான் சொல்வது புரியவில்லை. கரி, அமிலம், மின்சுமை என்று வாய்க்கு வந்ததை உளறினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மைலாவதி வாசல்வரை ஓடி, “அண்ணா, எனக்குத் தெரியாதுண்ணா, சத்தியமாத் தெரியாதுண்ணா” என்றாள். அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொலுசு டப்பா நாற்காலியிலேயே இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

சோறு இருந்தது. ரசம் இருந்தது. பேச்சு இல்லை.

மே 3, சனி

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, புதிதாக நட்ட முருங்கைக் கன்றுக்கு நாலு நாளாக ஊற்றினேன். கன்று வாடிவிட்டது. பள்ளியிலிருந்து உப்பு அளக்கும் கருவியைக் கேட்டு வாங்கிவந்து தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நிறம்தான் போயிருக்கிறது. சாயம் நூலில் ஏற அவர்கள் போடுகிற உப்பு முழுக்க அப்படியே இருக்கிறது. கரி உப்பைத் தொடவே தொடாது. பார்க்கத்தான் பளிங்கு, மரத்துக்கு விஷம். இதைத்தான் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு கூத்தாடியிருக்கிறேன்.

பீரோவுக்கு மேலே இருந்த வேட்டி துண்டைக் காணோம். அடித் தட்டில், பழைய போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது. தேடவில்லை, கண்ணில் பட்டது.

மைலாவதி ஈரோட்டுக்குப் போன் போட்டுப் பெரியப்பா மகனிடம் பேசினாள். “இருபத்தெட்டாந் தேதிங்கண்ணா. கட்டாயம் வந்துருங்க. நீங்கதான் மடி” என்றாள். நன்றாகத்தான் பேசினாள். போனை வைத்துவிட்டு, புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு படி புளியைக் கரைக்கிற நேரம் கரைத்தாள்.

போய்ப் பார்ப்பதா என்று யோசிக்கிறேன். அவர் துரத்தினால்? துரத்தட்டும்.

மே 8, வியாழன்

போனேன்.

பைக்கின் பின்னால் ஒரு மூட்டை கரியைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. வெறுங்கையோடு போக மனசு வரவில்லை.

பட்டறைக்குள் நான் கால் வைத்தது கல்யாணமான புதிதில் ஒருமுறைதான். ஆவியும் சத்தமுமாக இருக்கும். இன்று சத்தம் இல்லை. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. நூல் தொங்கும் கம்புகள் வெறுமையாக இருந்தன. மச்சான் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பாப்பா அந்தக் கொடத்துல மோந்து குடிச்சுதா மாப்ளே?”

முதல் வார்த்தை அதுதான். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“இல்லைங்க மச்சான்.”

“மைலா?”

“இல்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வெச்சேன். அதை யாரும் தொடலை. பாலுக்கு ஊத்தினதுதான் மொதத் தடவை.”

அவர் மறுபடி மூட்டையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கே கேட்டுருக்கோணும். கோவத்துல வந்துட்டேன். வண்டில பாதி தூரம் வந்தப்பறம்தான் நெனப்பு வருது, அந்தக் கொடம் அடுப்பங்கரைல இருந்துச்சே, கொழந்த இருக்கற வூடாச்சேன்னு. அப்பறம் கேக்கறதுக்குப் பயமாப் போச்சு. போன எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கேன்.”

“தொட்டியெல்லாம் காஞ்சு கெடக்குதே?”

“பாய்லர் ரிப்பேருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன்” என்றார். “அன்னிலேர்ந்து நூலு நனைக்கலீங்க. கை வரமாட்டீங்குது. கொழாயத் தொறந்தா அந்தக் கொடந்தான் கண்ணுல நிக்குது.”

இந்த மனுஷன் சாயத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர் என்றல்லவா நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். “மச்சான், அந்தக் கல்யாண வீட்ல நான் பாட்டிலை…” என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். “விடுங்க மாப்ளே. நீங்க வெச்சது நெசந்தானே. நாலு பேரு முன்னாடி வெச்சீங்க பாருங்க, அதான் நோவு.”

அவர் பைக்கில் இருந்த மூட்டையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சொன்னேன். முருங்கைத் தோல், டின், அமிலம், டிரம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை உளறவில்லை. கடைசியில், “ஆனா பிரயோஜனமில்ல மச்சான். நிறம் மட்டுந்தான் போகுது. உப்பு அப்படியே நிக்குது. கன்னு செத்துப்போச்சு” என்றேன்.

“உப்பு போகலியா?”

“ஒரு துளிகூடப் போகலை.”

அவர் தான் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“மாப்ளே, சாயம் நூல்ல ஏற நான் மூட்டை மூட்டையா உப்பு வாங்கித் தொட்டில கொட்டறேன். அலசற தண்ணில அதுதானே போகுது. நெறத்த நீங்க எடுத்துக் குடுத்தா, அந்த உப்புத் தண்ணி திரும்ப என் தொட்டிக்கே வரட்டும். அது எதுக்கு வெளிய போகோணும், எதுக்கு உங்க கெணத்துக்கு வரோணும்?”

நான் அதைத் தோட்டத்துக்கு அனுப்பத்தான் பார்த்தேனே தவிர, அது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“டிரம் எத்தனை வேணும்?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

மே 13, செவ்வாய்

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. நடந்தால் சொல்லலாம், நடக்காவிட்டால் அவள் இரண்டாம் தடவை ஏமாற வேண்டாம். கோடை விடுமுறை என்பதால் காலையில் கிளம்பினால் யாரும் கேட்பதில்லை. சட்டையெல்லாம் கரியாகிறது. மைலாவதி ஒன்றும் கேட்காமல் துவைத்துப் போடுகிறாள். இன்று சட்டைக் கையில் நீலக் கறை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் துவைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

மே 19, திங்கள்

ஆறு டிரம் வைத்திருக்கிறோம். காய்ந்த காயை எல்லாத் தோட்டத்திலிருந்தும் பறித்துக்கொண்டோம். ராமாத்தாளக்கா, “இதுதான் வேஸ்ட்டுங்களா, சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பனே” என்றார்கள்.

இன்று மச்சான் தொட்டியில் திரும்பி வந்த தண்ணீரில் முதல் நூல் நனைத்தார். வெளிர் நிறங்களுக்கு ஆகாது, லேசாகப் பழுப்பு அடிக்கிறது. கறுப்பும் கருநீலமும் ஜோராக ஏறுகிறது. “போதும். இனி நான் கறுப்பும் கருநீலமும்தான்” என்றார். சாயம் குடித்த கரியைப் பாய்லரிலேயே போட்டு எரித்துக்கொள்ளலாம். பின்னால் இருந்த குழியை மண் போட்டு மூடியாயிற்று. நானும் மண்வெட்டி பிடித்தேன். கை கொப்பளித்துவிட்டது.

கிணறு உடனே தெளியாது. இரண்டு மூன்று வருஷம் நல்ல மழை பெய்ய வேண்டும். அதை மச்சானிடம் மறைக்காமல் சொன்னேன். “இனிமே சேராதுல்ல?” என்று கேட்டார். சேராது என்றேன்.

கிளம்பும்போது, “காது குத்து இருபத்தெட்டுங்களா?” என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“உங்களுக்குச் சொல்லணும்னுதான் அன்னிக்கு வரச்சொன்னேன்.”

“மைலா ஈரோட்டுக்காரனுக்குச் சொல்லிருச்சாமே.”

“அவரும் வரட்டும். சீர் வெக்கட்டும். மடி உங்களுது.”

வீட்டுக்கு வந்து மைலாவதியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “குழிய மூடிட்டீங்களாமா?” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாள் சட்டையிலேயே தெரிந்திருக்கும்.

“மச்சானே வர்றார்” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்புறம் நானும்தான் அழுதேன், டைரியில் என்ன வெட்கம்.

மே 20, செவ்வாய்

வேட்டி துண்டு பீரோ மேலே வந்துவிட்டது.

மே 28, புதன்

விடிந்ததும் மச்சான் குடும்பத்தோடு வந்துவிட்டார். தட்டுத் தட்டாகச் சீர். பழம், பாவாடை, தோடு, எல்லாம். ஈரோட்டு அண்ணனும் வந்திருந்தார். “மடி போச்சா எனக்கு? நல்லது, எனக்கு முட்டி வலி” என்று அவரே சிரித்துக்கொண்டார்.

கோயிலுக்குக் கிளம்பும் முன் மைலாவதி காப்பி கொண்டுவந்தாள். மச்சான் முன்னால் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கினார். உடனே குடிக்கவில்லை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். எனக்கு வேர்த்தது.

“இது என்ன தண்ணி அம்மிணி?”

“காவிரித் தண்ணிதாண்ணா. கொழாயில இப்பப் புடிச்சது.”

அவர் டம்ளரை என் பக்கம் நீட்டினார். “குடிங்க மாப்ளே” என்றார்.

பந்தியில் நான் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. பிறகு அவர் மீசை துடிப்பதைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. நான் வாங்கி ஒரே மடக்கில் பாதியைக் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. மிச்சத்தை அவர் பிடுங்கிக் குடித்தார். மைலாவதி விழுந்து விழுந்து சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கோயிலில் மச்சான் மயில்கண் வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பாவை மடியில் வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். இன்று நகம் கருநீலம். “மாமா, இது அழியாதா?” என்று கேட்டாள். “உங்கப்பன் கரியப் போட்டும் அழியமாட்டீங்குது சாமி” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காது முடிந்துவிட்டது. இரண்டாவது காதுக்கு ஊரே கேட்கிற மாதிரி அலறினாள். அப்புறம் விக்கி விக்கி அழுது, அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். மச்சான் எழுந்திருக்கவில்லை. “பாப்பாவ நான் வாங்கிக்கறேங்கண்ணா, நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்று மைலாவதி கையை நீட்டினாள்.

“வேண்டாம் அம்மிணி, முழிச்சுக்கும். இருக்கட்டும்.”

“கால் மரத்துப்போகுமுங்க மச்சான்” என்றேன்.

“அது எப்பவோ மரத்துப்போச்சு மாப்ளே. நீங்க போங்க.”

நான் போய் ஒரு இலையை எடுத்துவந்து அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விரித்து, டம்ளரில் தண்ணீர் வைத்து, எல்லாவற்றையும் நானே பரிமாறினேன். அவர் ஒரு கையால் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நிதானமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துத் தண்ணீரையும் குடித்தார். நான் அப்புறம்தான் பந்திக்குப் போனேன்.